ஒண்டுமில்லை, சும்மா ஓடுறார்

சோமசேகரம் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலையில், அந்த ஒழுங்கையிலிருந்த பாதிச் சனம் பங்கருக்குள் இறங்கிவிட்டது.

அவர்மேல் பிழை சொல்ல முடியாது. சனத்தின்மேலும் சொல்ல முடியாது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடி மாதம், கொக்குவிலில், நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு மனிதர், அதுவும் தொப்பை வைத்த தையற்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடி வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பலாலி முகாமிலிருந்து ஆமி வெளிக்கிட்டுவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். நின்று விசாரிக்க அது நேரமில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, வளவில் தோண்டிய பங்கருக்குள் இறங்கியவர்கள் இறங்கினார்கள். பங்கர் இல்லாதவர்கள் கையில் அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார்கள்.

சோமசேகரம் இதொன்றும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தார். விலாவில் குத்து. நாக்கு ஒட்டிப்போயிற்று. பின்னால் தடதடவென்று காலடிகள் கேட்கவே திரும்பிப் பார்த்தார். பையும் பொட்டலமுமாக ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி இன்னும் வேகமாக ஓடினார். அதைக் கண்டு அவர்களும் வேகத்தைக் கூட்டினார்கள்.

வைரவர் கோயில் கிணற்றுக் கட்டில் அவர் தொப்பென்று இருந்துவிட்டார். முதலில் வந்து சேர்ந்தவர் சங்கக் கடை மனேச்சர்.

"அண்ணை, எங்கை மட்டும் வந்திட்டான்?"

"ஆர்?"

"ஆமி."

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் ஏன் ஓடி வாறியள்?"

"நீங்கள் ஓடினபடியாத்தான்."

சோமசேகரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நான் சீனி வருத்தத்துக்கெல்லோ ஓடினனான்," என்றார்.

மனேச்சர் கையிலிருந்த பையைப் பார்த்தார். அதற்குள் மனைவியின் தாலிக்கொடியும் ஒரு றேடியோவும் இருந்தன. "நாட்டிலை ஒரு கரண்டி சீனி இல்லை. உங்கடை உடம்புக்குள்ளை மட்டும் எங்காலை வந்தது?" என்று கேட்டுவிட்டு, திரும்பி நடந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். சிரித்தவர்களும் உண்டு. போகாமல் அவரிடம் வந்தவள் செல்வநாயகி ஒருத்திதான்.

செல்வநாயகி அந்த ஊர்க்காரி அல்ல. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒழுங்கையோரக் காணியொன்றில் கொட்டில் போட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். அடுப்பு வெளியில், இடிந்த மதிலுக்கு இந்தப் பக்கம். போய் வருகிறவர்கள் எல்லோரும் அவள் என்ன சமைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் போவார்கள். அவள் கவிழ்ந்த பானையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணை, நீங்கள் பெரிய மனிசன். உங்களைப் பேசக்கூடாது. ஆனால் இதைப் பாருங்கோ. நிவாரண அரிசி. பிள்ளையளை இழுத்துக்கொண்டு ஓடேக்கை கால் தட்டி முழுக்கச் சாம்பலுக்குள்ளை போட்டுது."

"தங்கச்சி, நான் வேணுமெண்டு…"

"வேணுமெண்டு செய்யேல்லை எண்டு தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை எங்கடை ஒழுங்கையாலையும் ஒரு மனிசன் இப்பிடித்தான் ஓடினவர். அவருக்குப் பின்னாலை நாங்களும் ஓடினனாங்கள். அண்டைக்கு விட்ட வீட்டை நான் இன்னும் காணேல்லை. மனிசர் ஓடிறதைக் கண்டால் என்ரை கால் என்னைக் கேக்காது, அண்ணை. இனி ஓடாதையுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி ஓடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால், ஓடாமலிருக்க நல்லதொரு காரணம் கிடைத்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது.

ஓடச் சொன்னவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஐயா. சோமசேகரம் பெய்து கொடுத்த சலத்தை அவர் சோதனைக் குழாயில் விட்டு, நீல மருந்து சேர்த்து, சிரட்டை நெருப்பில் காய்ச்சிப் பார்த்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சீனி மிகக் கூடியதைக் காட்டும் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "குளிசை கப்பலிலை வந்தால் தருவன். கப்பல் எப்ப வருமெண்டு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் உம்மடை மருந்து உம்மடை கால்தான். நடவும். நடந்து பழகினாப் பிறகு ஓடும். வெறுங்காலோடை மட்டும் ஓடிப் போடாதையும்," என்றார். நடந்து பழகும் பொறுமை சோமசேகரத்துக்கு இருக்கவில்லை. ஒரு காலத்தில் ஓடியவர் அல்லவா?

இளந்தாரியாக இருந்தபோது, சனசமூக நிலையம் வருடப்பிறப்புக்கு வைக்கும் மரதன் ஓட்டத்தில் அவரை முந்த ஆளில்லை. ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் பக்கத்தில் ஒருவன் தண்ணீர் வாளியோடு சைக்கிளில் வருவான். சேகரத்துக்கு வந்தவர் அவருடைய அண்ணன் கனகரத்தினம். தலையில் தண்ணீரை ஊற்றி, தேசிக்காயைப் பிழிந்து வாயில் விட்டு, "முன்னாலை போறவன்ரை குதிக்காலைப் பார், வேறை ஒண்டையும் பாராதை," என்று கத்திக்கொண்டு வருவார். பரிசாகக் கிடைத்த பித்தளைக் குடத்தில்தான் வீட்டில் இன்றும் தண்ணீர் அள்ளுகிறார்கள்.

அந்த அண்ணனுக்கு இப்போது வலக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதே நீரிழிவு. பெண்சாதி செத்துப் பிள்ளைகள் கனடாவுக்குப் போனபிறகு தம்பி வீட்டோடுதான் இருந்தார். மின்சாரம் இல்லாத ஊரில் அவருடைய இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண் முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தாள் இராசமலர், சோமசேகரத்தின் மனைவி. காலையில் முட்டிக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் அவள் கோலம் போடுவாள்.

ஓட்டத்தை விட்ட சோமசேகரம் மெஷினோடு இருந்தார். தையற்காரருக்கு அந்த நாட்களில் புதுத்துணி வேலை கிடையாது. வெளுத்துப்போன காற்சட்டையைப் பிரித்து உட்புறத்தை வெளியே போட்டுத் தைப்பது, சேட்டுக் கொலரைப் புரட்டுவது, சேலையைக் கிழித்துச் சிறுபிள்ளைக்குச் சட்டை தைப்பது. பின்னேரமானால் மெஷின் மிதிக்கிற கால் மரத்துப்போகும். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். தேத்தண்ணீருக்கு நறுக்கி வைத்த பனங்கட்டியில் ஒரு துண்டை மனைவி பார்க்காத நேரம் வாயில் போட்டுக்கொள்வார்.

மரத்த கால் பயம் காட்ட, சனமில்லாத தண்டவாளப் பாதையில் ஓடிப் பார்க்கலாமென்று ஒருநாள் போனார். ரயில் நின்று இரண்டு வருடமாகிறது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கர் மூடப் போய்விட்டன. எஞ்சியது சல்லிக்கல் மட்டும். பள்ளிக்கூட மைதானம் முழுக்க அகதிக் கொட்டில்கள். திரும்பி வந்து கால் கழுவும்போது குதிக்காலில் செருப்பைத் தாண்டி ஒரு கல் வெட்டியிருந்தது. இரத்தம் வந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. வலி இல்லை.

அதை முதலில் கண்டவர் அண்ணன்தான்.

"டேய் சேகரம், இஞ்சை வா. காலைக் காட்டு."

"சின்ன வெட்டு, அண்ணை."

"நொந்ததோ?"

சோமசேகரம் குனிந்து வெட்டை விரலால் அமத்திப் பார்த்தார்.

"நோகேல்லை. என்ன?" கனகரத்தினம் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "என்ரை கால் போன வழி இதுதான். பெருவிரலிலை செருப்புக் கடிச்சது. நோகேல்லைத்தானே எண்டு விட்டன். நோகாதது பெரிய சுகமெண்டு நினைச்சன். விரலை எடுத்தாங்கள், பேந்து பாதத்தை எடுத்தாங்கள், பேந்து இதை. சுன்னாகம் சந்தையிலை மரவள்ளிக்கிழங்கு வெட்டிறமாதிரி."

"என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? ஓடினால் ஊர் பங்கருக்குள்ளை போகுது. அந்தப் பிள்ளை பானையோடை வந்து நிண்டதை நீங்கள் பாத்திருக்க வேணும்."

"ஊர்ச் சனத்தை விடு. உனக்கு ஓட விருப்பமோ இல்லையோ? அதைச் சொல்லு."

"விருப்பமில்லை அண்ணை," என்றார் சோமசேகரம். "ஆருக்காக ஓட? அந்தக்காலத்திலை ஓடினால் முன்னாலை ஒரு கோடு இருந்தது. இப்ப என்ன இருக்கு? குளிசை இல்லை. துணி இல்லை. ஷெல் எப்ப வருமெண்டு தெரியாது. ஓடிக் காலைக் காப்பாத்தி வைச்சு, அதோடை சேத்து ஒருநாளைக்குச் சிதறவோ?"

கனகரத்தினத்துக்குக் கோபம் வந்தது. தம்பிமேல் பாசம் வந்தாலும் அவருக்குக் கோபமாகத்தான் வரும். "என்னைக் காலமையும் பின்னேரமும் ஆர் தூக்கி இருத்திறது? உன்ரை பெண்சாதியோ? இந்த வீட்டுக்கு ஒரு முடவன் காணும். எனக்காக ஓடு. நான் சாகுமட்டுமாவது ஓடு."

குசினிக்குள் குரக்கன் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த இராசமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாக் கையோடு வெளியே வந்தாள்.

"அத்தான், மரதனுக்கு நீங்கள் சைக்கிளிலை போனனீங்கள்தானே. இப்ப நான் போறன். இவருக்கு முன்னாலை போறன். போய், ஒண்டுமில்லை, பயப்பிடாதையுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு போறன்."

"இஞ்சேரும், உமக்கு விசரே?" என்றார் சோமசேகரம். "நீர் முன்னாலை சைக்கிளிலை போக, நான் பின்னாலை ஓடி வந்தால் சனம் என்ன சொல்லும்? பெண்சாதி விட்டிட்டு ஓடுறாள், மனிசன் கலைச்சுக்கொண்டு வாறான் எண்டு சொல்லும்."

"சொல்லட்டும். பங்கருக்குள்ளை இருந்து சொல்லாமல் வெளியிலை நிண்டு சொல்லுவினம்தானே."

கனகரத்தினம் வெகுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது.

வெட்டு ஆறும்வரை பொறுத்திருந்தார்கள். அதற்குள் இராசமலர் ஒரு சுளகு நிறைய அரிசி கொண்டுபோய்ச் செல்வநாயகியிடம் கொடுத்து, விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். சோமசேகரம் அண்ணன் மகன் விட்டுப்போன கன்வஸ் சப்பாத்துக்குச் சைக்கிள் ரயரில் அடி வைத்துத் தைத்தார். பழைய சாரமொன்றை வெட்டி அரைக் காற்சட்டை தைத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தபோது கட்டங்கட்டமாக ஒரு தலையணைபோல இருந்தார். வேறு துணி இல்லை.

மழைக்கு முந்திய ஒரு காலையில் புறப்பட்டார்கள். இராசமலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறி, மணியை அடித்தாள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, சும்மா ஓடுறார்." மரக்கறி விற்பவள்போலக் குரலைச் சற்று இழுத்துச் சொன்னாள். படலைகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. பின்னால் சோமசேகரம் ஓடி வந்தார், அல்லது ஓடுவதுபோல வந்தார். செல்வநாயகி அடுப்படியில் எழுந்து நின்று ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் பானையையும் பிடித்துக்கொண்டு, அவர் கடந்துபோகும்வரை கண் வெட்டாமல் பார்த்தாள்.

மனேச்சர் வீட்டு மதிலோடு அவருக்கு மூச்சு முடிந்துவிட்டது. நடந்தார். பிறகு கொஞ்சம் ஓடினார். திரும்ப நடந்தார். உடம்பு முழுக்க வேறொருவருடையதுபோல இருந்தது. காலை ஒரு பக்கம் போகச் சொன்னால் வயிறு வேறொரு பக்கம் போயிற்று. ஒரு காலத்தில் காற்றாய்ப் போனவர் இன்று கிழட்டு மாடாய் இழுபடுகிறாரே என்று நினைக்க அழுகை வந்தது. வேர்வையோடு வேர்வையாக அதையும் துடைத்துக்கொண்டார்.

சில கிழமையில் மனேச்சர் வீட்டு மதிலைத் தாண்டினார். பிறகு வைரவர் கோயிலை. ஐப்பசி பிறந்து ஒழுங்கை முழங்கால் வெள்ளமானபோது, "இண்டைக்கு வேண்டாமப்பா, கால் கடிக்குது," என்று போர்வைக்குள் சுருண்டார். இராசமலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அறைக்குள்ளேயே வந்து, காதடியில் மணியை அடித்தாள். ஒருநாள் குண்டு போடும் பொம்மர் வந்து சுற்றியது. எல்லோரோடும் அவரும் யாருடையதோ பங்கருக்குள் பாய்ந்து குந்தியிருந்தார். அது போனபின் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து ஓடினார். அன்றைக்குத்தான் அவருக்குள் ஏதோ மாறிற்று. ஓடி முடித்து வந்து இராசமலரிடம், "இண்டைக்கு மூச்சு எனக்குப் பின்னாலை வரேல்லை, என்னோடை வந்தது," என்றார். அவளுக்கு அது முழுதும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள்.

கனகரத்தினம் விடியவே படலையடி வேம்பின் கீழ் தன் கதிரையைப் போடுவித்து விடுவார். போகும்போது ஒரு சொல், வரும்போது ஒரு சொல். "கையை வீசாதை. நெல்லே விதைக்கிறாய்?" "மூக்காலை எடடா மூச்சை." மார்கழியில் அப்போதிக்கரி ஐயா காய்ச்சிப் பார்த்த சலம் பச்சையோடு நின்றது. பின்னேரத்தில் மெஷின் மிதிக்கும் கால் மரக்கவில்லை. ஒழுங்கைச் சனமும் பழகிவிட்டது. சைக்கிள் மணியை மட்டும் இராசமலர் அடிப்பாள், சொல்வதை விட்டுவிட்டாள். ஒழுங்கைப் பிள்ளைகள் மட்டும் அவளுடைய குரலில், "ஒண்டுமில்லை, சும்மா ஓடுறார்," என்று இழுத்துச் சொல்லி விளையாடின.

அண்ணனுடைய சலம் மட்டும் செங்கல் நிறத்திலேயே நின்றது. தை மாதம் இன்சுலின் குப்பி முடிந்தது. அடுத்த குப்பி வரவில்லை. யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்லி வைத்தும் கிடைக்கவில்லை. இராசமலர் வெறும் முட்டிக்குத் தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மாசிப் பனி பெய்த ஒரு விடியலில் கனகரத்தினத்தின் மூச்சு ஏறி இறங்கத் தொடங்கியது. "ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் இராசமலர். சோமசேகரம் ஓடினார். சப்பாத்துப் போட நேரமில்லை. இளந்தாரி வயதில்கூட அவர் அப்படி ஓடியதில்லை. தன் காலுக்கு இவ்வளவு வேகம் இருக்கிறதென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. படலையடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற மனேச்சர் கையைத் தூக்கி, "அண்ணை, இண்டைக்கு நல்ல ஓட்டம்," என்றார். செல்வநாயகி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப ஊதினாள். ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

அப்போதிக்கரி ஐயா சைக்கிளில் வர, அவருக்கு முன்னாலேயே சோமசேகரம் வீடு வந்து சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு நினைவு இருந்தது. தம்பியின் வெறுங்காலைப் பார்த்தார். "சப்பாத்து எங்கையடா?" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஐயா வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தார்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஒழுங்கைக்குச் சொல்ல வேண்டுமே என்று சோமசேகரம் எழுந்தார். இராசமலர் சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். இழவு சொல்லப் போகிறவர் ஓடுவதில்லை. ஓட அவருக்குக் காலும் வரவில்லை. நடந்தார்.

முதலாவது படலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அடுத்த படலையில் ஒருவர் பல் துலக்குவதை நிறுத்தினார். மனேச்சர் ஒழுங்கைக்கே வந்துவிட்டார். "என்னண்ணை? ஏன் நடந்து வாறியள்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சேட்டுப் போட உள்ளே ஓடினார். சோமசேகரத்துக்கு வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் நடந்துவரும் செய்தி அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

செல்வநாயகியின் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போட்டாயிற்று. அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"பெரியவரோ, அண்ணை?"

"ஓம், தங்கச்சி."

அவள் குனிந்து விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். பானையைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தாள். பிணம் எடுக்கும்வரை அந்த ஒழுங்கையில் அடுப்பு எரியாது. அவள் அந்த ஊர்க்காரி இல்லை. செத்தவர் அவளுக்குச் சொந்தமுமில்லை. கொள்ளியில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, பிள்ளைகளை மதிலோரம் இருத்தி, "நான் அக்காவோடை நிக்கப் போறன்," என்று சேலையை உதறி உடுத்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. சோமசேகரம் ஓடவில்லை. தொப்பை மெல்லத் திரும்பி வந்தது. பனங்கட்டியும் குறைந்துகொண்டு வந்தது. சப்பாத்து வேம்படிக் கதிரையின் கீழ் கிடந்தது. இராசமலர் மணி அடித்துப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாகுமட்டும் ஓடு என்றுதானே அண்ணன் சொன்னார், அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு பின்னேரம் செல்வநாயகி சட்டையொன்றைப் புரட்டித் தைக்கக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"அண்ணை, இனி ஓடமாட்டியளோ?"

"நீதானே ஓடவேண்டாமெண்டனீ."

"அது அப்ப." அவள் மெஷினில் கிடந்த நூல் துண்டொன்றை எடுத்து விரலில் சுற்றினாள். "விடிய உங்கடை சப்பாத்துச் சத்தம் கேட்டால், இண்டைக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சு உலை வைப்பன். நீங்கள் நிப்பாட்டினாப்போலை எனக்கு ஒரு காலமையும் நிம்மதி இல்லை. ஒழுங்கையைப் பாத்துப் பாத்துத்தான் அடுப்பு மூட்டுறன். முந்தநாளும் பாதியிலை இறக்கிப்போட்டன். பிள்ளையள் அரைவேக்காட்டுச் சோறுதான் திண்டதுகள்."

சோமசேகரம் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சட்டைக்குக் கூலி வேண்டாமென்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிய அவர் சப்பாத்தை எடுத்து உதறினார். உள்ளே வேப்பம் பழக்கொட்டை இரண்டு கிடந்தன. இராசமலர் சைக்கிளை எடுத்தாள். வேம்படிக் கதிரையைக் கடக்கும்போது அவர் கையை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். மனேச்சர் வீட்டு மதிலோடு மூச்சு முடிந்துவிட்டது. விலாவில் பழைய குத்து. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நடந்தார். பிறகு, இடிந்த மதில் தெரிந்ததும், ஓடத் தொடங்கினார்.

செல்வநாயகி அடுப்படியில் குந்தியிருந்தாள். சப்பாத்துச் சத்தம் அவளுக்குப் பக்கமாக வந்து, கடந்து, தூரப் போயிற்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. களைந்த அரிசியை இரண்டு கையாலும் அள்ளி உலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.